எந்தப் பாறையில் எந்தச் சிப்பி? கடல் உயிர்ப் பரவல் மாடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நீரோடிப் பக்கம். ஒரு பக்கம் தூத்தூர், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் பொழியூர், அங்கே கேரளம் ஆரம்பித்துவிடும். கடல் உயிரியல் படித்துவிட்டு நான் கம்ப்யூட்டரில் கடல் வரைபடத்துக்கு நிறம் அடிக்கிற வேலை செய்கிறேன் என்பதுதான் ஊரில் பேச்சு. வலை பின்னுகிற மாமா முதல் நாகர்கோவிலில் எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் வரை கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அதே இருபது, இருபத்தைந்துதான். அதில் முக்கியமானவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைக்கிறேன். உதாரணத்துக்கு நம்ம ஊர்ச் சிப்பியையே பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நகராது.

கடல்ல மீன் எங்க நிக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிருமா மக்களே?

சொல்லாது. இந்த உயிர் எங்கே வாழ முடியும் என்று மட்டும்தான் சொல்லப் பார்க்கும். சிப்பியை இதுவரை எங்கெங்கே பார்த்திருக்கிறார்கள் என்று புள்ளிகளைச் சேர்க்கிறோம். அந்த இடங்களில் தண்ணீரின் சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு, ஆழம் என்ன, அடியில் பாறையா மணலா என்று பார்க்கிறோம். பிறகு அதே மாதிரி நிலைமை வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கடல் முழுக்கத் தேடுகிறோம். இவ்வளவுதான் சங்கதி. இன்று காலையில் அந்த இடத்தில் மீன் நிற்கிறதா என்பது வேறு கேள்வி.

சூடு, உப்பு சரியா இருந்தா போதுமா? வேற ஒண்ணும் வேண்டாமா?

வேண்டும், நிறைய வேண்டும். மூச்சுவிட ஆக்சிஜன், தின்ன நுண்பாசி, ஒட்டிக்கொள்ளப் பிடிமானம், அலையின் வேகம். நம்ம பழுப்புச் சிப்பிக்குப் பாறை இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. பாறை இருந்தாலும் குழித்துறைத் தாமிரபரணி வந்து விழுகிற தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் மழைக்காலத்துத் தண்ணீர் நன்னீராகிவிடும், அதற்குச் சிப்பி தாங்காது.

1957-ல் ஹட்சின்சன் என்கிற சூழலியல் அறிஞர் இதை ஒழுங்காகப் பிரித்துச் சொன்னார். ஓர் உயிரின் உடம்பு தாங்கக்கூடிய நிலைமைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வட்டம். எதிரி, போட்டி, போய்ச்சேர முடியாத தூரம் இதெல்லாம் கழிந்து அது உண்மையில் பிடித்துவைத்திருக்கிற இடம் அதற்குள் ஒரு சின்ன வட்டம். பழுப்புச் சிப்பி கொல்லம் பக்கமிருந்து கன்னியாகுமரி வரைக்கும், அதைத் தாண்டித் திருச்செந்தூர்ப் பக்கம் கொஞ்சமும்தான் கிடைக்கிறது. வடக்கே கோழிக்கோடு, கண்ணூர் போனால் கல்லுமக்காய் என்கிற பச்சைச் சிப்பியின் ராஜ்யம். சூடும் உப்பும் மட்டும் கொடுத்து நான் முதன்முதலில் மாடலை ஓட்டியபோது அது கண்ணூர் வரைக்கும் பழுப்புச் சிப்பிக்குத் தோதான இடம் என்று சிவப்பு அடித்துவைத்தது. பெரிய வட்டத்தைத்தான் காட்டியது, தப்பு என்றும் சொல்ல முடியாது.

இந்த டேட்டா எல்லாம் எங்கேருந்து எடுக்கிறீங்க, பைசா குடுக்கணுமா?

பெரும்பாலும் இலவசம். உயிர்களைப் பார்த்த புள்ளிகளுக்கு ஓபிஸ், ஜிபிஃப் என்று இரண்டு பெரிய உலகக் களஞ்சியங்கள் இருக்கின்றன, ஓபிஸ் கடலுக்கென்றே உள்ளது. சூடு, உப்பு மாதிரியான சூழல் அடுக்குகளுக்கு, அதாவது லேயர்களுக்கு, பயோ-ஆரக்கிள், கடல் ஆழத்துக்கு கெப்கோ. பயோ-ஆரக்கிள் 2012-ல் வெளிவந்தபோது மேல்மட்டத் தண்ணீர் மட்டும்தான் இருந்தது, பிறகு வந்த பதிப்பில் கடலடி நிலைமைகளையும் சேர்த்தார்கள். களவா, கிளிமீன் போன்ற அடிமீன்களுக்கு மேல்தண்ணீர்ச் சூட்டை வைத்து மாடல் போடுவதை தயவுசெய்து இனியாவது விட்டுவிடலாம். ஐம்பது பாகம் ஆழத்தில், அதாவது 90 மீட்டரில் கிடக்கிற மீனுக்கு மேலே 30 டிகிரியா 28 டிகிரியா என்று என்ன தெரியும்?

ஹைதராபாத்லேருந்து போன்ல மீன் கிடைக்கிற இடம் வருதே, அதும் இதும் ஒண்ணுதானே?

இல்லை. அது இன்காய்ஸ் நிறுவனம் அனுப்புகிற மீன்பிடி மண்டலத் தகவல். செயற்கைக்கோளில் தெரியும் கடல்சூட்டையும் பச்சையத்தையும் வைத்து, குளிர்ந்த தண்ணீரும் சூடான தண்ணீரும் சந்திக்கிற ஓரங்களைக் கண்டுபிடித்து, அங்கே மீன் கூட வாய்ப்பிருக்கிறது என்று சொல்கிறது. சில நாளைக்குத்தான் அதற்கு ஆயுசு. நான் போடுவது பல வருஷச் சராசரியை வைத்து. எளிதாகச் சொன்னால் அது இன்றைக்குச் சந்தையில் யார் நிற்கிறார்கள் என்கிற கேள்வி, இது அந்த ஊரில் யார் குடியிருக்க முடியும் என்கிற கேள்வி.

புள்ளிய எறக்கிப் போட்டா மாடல் ஓடப்போவுது, அதில மாசக்கணக்கா சுத்தம் பண்ண என்ன இருக்கு அக்கா?

இருக்கிற வேலையில் பாதிக்கு மேல் இதுதான். முதல் கூத்து, நானே செய்தது: அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டுவிட்டேன். நம்ம ஊர் ஏறக்குறைய 8.3 வடக்கு, 77.1 கிழக்கு. மாற்றிப் போட்டால் 77.1 வடக்கு, 8.3 கிழக்கு, அது ஸ்வால்பார்ட் தீவுக்கு மேற்கே ஆர்க்டிக் கடல். இரண்டு நாள் கழித்துத்தான் நீரோடிச் சிப்பி ஐஸ் தண்ணீரில் கிடப்பதைப் பார்த்தேன், அதற்குள் மாடல் இந்த உயிர் எந்தக் குளிரையும் தாங்கும் என்று முடிவு கட்டியிருந்தது. இதுவாவது கண்ணில் படும். படாதது நிமிஷக் கணக்கு. 8 டிகிரி 30 நிமிஷம் என்றால் 8.5, ஆனால் நோட்டில் பார்த்து 8.30 என்று அடித்துவிடுவார்கள். 22 கிலோமீட்டர் தெற்கே போய்விடும், அதுவும் கடலாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இரண்டாவது, பிடித்த இடமும் இறக்கின இடமும். தூத்தூர், வள்ளவிளைப் படகுகள் லட்சத்தீவு தாண்டிப் போய்ச் சுறாவும் சூரையும் பிடித்துக் கொச்சியில் இறக்கும். பதிவேட்டில் கொச்சி என்று எழுதி, கொச்சித் துறைமுகத்தின் எண்களையே போட்டுவிட்டால் ஆழ்கடல் சுறா காயல் வாயில் திரிவதாகத்தான் மாடல் படிக்கும்.

மூன்றாவது, பெயர். நம்ம பழுப்புச் சிப்பி பழைய பதிவுகளில் பெர்னா இண்டிகா. மரபணு பார்த்தவர்கள் அது ஓமனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் உள்ள பெர்னா பெர்னாதான் என்கிறார்கள். ஒரே இனம் என்று எடுத்தால் தென்னாப்பிரிக்காவின் குளிர்ந்த தண்ணீரும் அதன் வட்டத்துக்குள் வந்துவிடும், வேறு என்று எடுத்தால் குமரிக்கரையின் சூடு மட்டும்தான். பெயரை மாற்றினால் வரைபடமே மாறும். நான் இரண்டு விதமாகவும் ஓட்டி இரண்டையும் காட்டுகிறேன்.

இங்க இந்த மீன் இல்லன்னு யாராவது எழுதி வைப்பாங்களா? இல்லாத இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

நல்ல கேள்வி, கேட்டது என் சித்தப்பா. கடலில் இல்லை என்று நிரூபிப்பது மகா கஷ்டம். அதனால் பெரும்பாலான மாடல்கள் இல்லாத இடத்தைக் கேட்பதே இல்லை, கடல் முழுக்கச் சும்மா ஆயிரக்கணக்கில் பின்னணிப் புள்ளிகளை வீசி, பார்த்த இடங்கள் அதிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று ஒப்பிடுகின்றன.

இதில் ஒரு பெரிய ஓட்டை. ஆய்வாளர்கள் எங்கே போனார்களோ அங்கேதான் புள்ளி இருக்கும். விழிஞ்ஞத்திலும் கொச்சியிலும் கடல் ஆய்வு மையங்கள் இருப்பதால் அங்கே புள்ளி குவிந்து கிடக்கும், நடுவில் உள்ள கரைகளில் காலி. மாடல் ஆய்வு மையத்துக்குப் பக்கத்துக் கடல் சிப்பிக்கு ரொம்பப் பிடித்த கடல் என்று கற்றுக்கொள்ளும். தடைக்காலமும் அப்படித்தான்: கன்னியாகுமரி முதல் நீரோடி வரை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது, அந்த மாதங்களில் அடிமீன் பதிவு ரொம்பக் குறைவு. இதைச் சரிசெய்ய, அதே மாதிரி உயிர்களைத் தேடிப் போனவர்கள் எங்கெல்லாம் போனார்களோ அந்த இடங்களையே பின்னணியாக எடுப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி சித்தப்பாவைக் கேட்பது. முப்பது வருஷம் ஒரே பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், தூண்டில் போட்டவர், அங்கே இன்ன மீன் ஏறாது என்று சொன்னால் எனக்கு அதற்கு மேல் சான்று வேண்டாம்.

மேக்ஸென்ட், மேக்ஸென்ட்னு எல்லா பேப்பர்லயும் இருக்கே, உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது?

ஃபிலிப்ஸ், ஆண்டர்சன், ஷாபிரே மூவரும் 2006-ல் வெளியிட்ட, இந்த மாதிரிப் பரவல் மாடல் போடுகிற முறை. இலவசம், பார்த்த புள்ளிகள் மட்டும் இருந்தால் போதும், புள்ளி குறைவாக இருந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதனால்தான் எங்கும் அது. யோசனை இதுதான்: சிப்பி இருக்கிற இடங்களின் சராசரி சூடு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று நமக்குத் தெரியும். அந்தச் சராசரிகளை மட்டும் மதித்து, மற்றபடி எந்த இடத்துக்கும் காரணமில்லாமல் சாயாமல், முடிந்தவரை சமமாகப் பரப்பிவிடு. தெரிந்ததற்கு மேல் கதை கட்டாதே என்று கணக்குக்குச் சொல்வது மாதிரி. ஆனால் மென்பொருளின் அமைப்புகளை அப்படியே விட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து வளைந்து போகிற சிக்கலான கோடுகளை அது சந்தோஷமாக வரைந்து தரும், அதை அடக்கிவைக்கிற திருகு ஒன்று இருக்கிறது, கட்டாயம் தொட்டுப் பாருங்கள்.

மேப்ல எங்க இடம் செவப்பா 0.8-னு காட்டுது. அப்போ 80 சதவீதம் சிப்பி இருக்குமா?

இருக்காது. பார்த்த புள்ளிகள் மட்டும் வைத்துக்கொண்டு உண்மையான நிகழ்தகவைக் கணக்கிட முடியாது, மொத்தக் கடலில் எத்தனை பங்கில் அது இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாதே. 0.8 உள்ள இடம் 0.4 உள்ள இடத்தைவிடத் தோது என்று வரிசைப்படுத்தலாம், அவ்வளவுதான். முங்கிப் பார்க்கப் போகிறவருக்கு எங்கே முதலில் போவது என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

ஏயூசி 0.95 வந்திருக்கு, பேப்பர் அனுப்பிரலாமா மேடம்?

கொஞ்சம் பொறு தம்பி. ஏயூசி என்பது சிப்பி இருக்கிற இடத்தை மற்ற இடத்திலிருந்து மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்கிற மதிப்பெண். 0.5 என்றால் நாணயம் சுண்டிப் போட்ட மாதிரி, 1 என்றால் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் நீ பின்னணியை இந்தியப் பெருங்கடல் முழுக்க விரித்திருக்கிறாய். கரையோரச் சிப்பியை நாலாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து பிரித்துக் காட்ட மாடல் எதற்கு, நம்ம ஊர்ப் பிள்ளைகளே பிரித்துவிடும். பின்னணியை 20 மீட்டர் ஆழத்துக்குள் சுருக்கி ஓட்டிப் பார், எண் இறங்கும். இறங்கிய எண்தான் உண்மை.

இன்னொன்று, மாடலைச் சோதிக்க ஒதுக்கிவைக்கிற புள்ளிகளை நீ கலைத்துப்போட்டு எடுத்திருக்கிறாய். கடலில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். குளச்சலை வைத்துப் படித்துவிட்டு முட்டத்தில் பரீட்சை எழுதினால் கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் போன கதை. கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கொல்லம் துண்டை முழுசாக ஒளித்துவைத்துவிட்டுக் குமரியை மட்டும் வைத்துப் படிக்கச் சொல், அப்புறம் கொல்லத்தில் சோதித்துப் பார்.

ஆனி ஆடியில மேகம் மூடிக் கெடக்கும்போது சாட்டிலைட்டுக்கு என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது, அதுதான் நம்ம கரையின் பெரிய சிக்கல். சித்திரையில் 30 டிகிரியைத் தொடும் கடல், தென்மேற்குப் பருவத்தில் கரையோரத்து அடித்தண்ணீர் மேலே ஏறி வருவதால் பல டிகிரி குளிர்ந்துவிடும். அந்தத் தண்ணீர் சத்தைக் கொண்டுவருகிறது, நுண்பாசி பொங்குகிறது, சாளை, அதாவது மத்தி, அதைத் தின்னத்தான் வருகிறது. வருஷத்தின் மிக முக்கியமான இந்த இரண்டு மூன்று மாதம்தான் மேகமும் மூடியிருக்கிறது. கடல்நிறம் பார்க்கிற கருவியும் அகச்சிவப்பில் சூடு பார்க்கிற கருவியும் மேகத்தை ஊடுருவாது. நுண்ணலைக் கருவி ஊடுருவும், ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர், கரையை ஒட்டினால் நிலத்தின் சாயல் கலந்து கெட்டுப்போகும். மேகம் விலகின நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் பருவமழைக் கடலை உள்ளதைவிடச் சூடாகக் காட்டிவிடும் ஆபத்து உண்டு. அதனால் மாதச் சராசரியை நம்புகிறவர்கள், அந்த மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் தெரிந்தது என்ற கணக்கையும் பாருங்கள். கடலுக்குள் அளக்கிற மிதவைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட கடல் மாடல் தரவுகள் இந்த இடத்தில் கொஞ்சம் கைகொடுக்கும்.

மேப்ல எங்க கரையே காணோமே, வெள்ளையா கெடக்கு?

பயோ-ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். அதற்குள் நீரோடியும் வள்ளவிளையும் இரவிபுத்தன்துறையும் சேர்ந்தே அடங்கிவிடும், பாதிக் கட்டம் நிலம் என்றால் சில சமயம் கட்டத்தையே காலியாக விட்டுவிடுவார்கள். சிப்பி வாழ்வதோ கரையிலிருந்து கல்லெறிகிற தூரத்தில். ஆழத்துக்கான கெப்கோ கட்டம் அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அது பரவாயில்லை, சூட்டுக்கும் உப்புக்கும் அந்த நுணுக்கம் கிடையாது. 9 கிலோமீட்டர்க் கட்டத்தை நாலாக வெட்டி மென்மையாக்கி வைத்தால் படம் அழகாக இருக்கும், தகவல் கூடாது.

இதில் இன்னொரு வேடிக்கை. கடலரிப்புக்குப் போட்ட கற்சுவரும் தூண்டில் வளைவும் எந்த உலக வரைபடத்திலும் பாறையாகப் பதிவாகவில்லை. மணலாக இருந்த கரையில் இன்று கல்லிருக்கிறது, கல்லில் சிப்பி ஒட்டுகிறது. அந்த லேயரை நானே நடந்து நடந்து போனில் குறித்து உண்டாக்கினேன். மொத்த வேலையிலும் மாடலை நன்றாகத் திருத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

மத்தி ஒரு வருஷம் கொட்டுது, ஒரு வருஷம் கண்ணிலயே காணோம். அதை முன்கூட்டியே சொல்ல ஏலாதா?

இந்த வகை மாடலால் ஏலாது. கேரளத்தில் 2012-ல் நாலு லட்சம் டன்னை ஒட்டி மத்தி இறங்கியது, 2021-ல் சுமார் 3,300 டன். கடலின் சராசரிச் சூடு அந்த அளவுக்குத் தலைகீழாகவில்லை. எல் நினோ, அடித்தண்ணீர் ஏறுகிற நேரம், குஞ்சு மீனைப் பிடித்தது, அதிகமாகப் பிடித்தது என்று பல காரணம் பேசப்படுகிறது. வாழ முடிகிற இடம் அப்படியே இருக்க, வாழ்கிற மீனின் எண்ணிக்கை சரியலாம். வீடு இருக்கிறது, ஆள் இல்லை. அதற்கு வருஷா வருஷம் பிறப்பு, இறப்பு, பிடிப்பு எல்லாம் கணக்கெடுக்கிற வேறு மாடல் வேண்டும்.

ஆனால் சாளை நீண்ட காலத்தில் இடம் விரித்ததை இந்த முறையில் ஆராயலாம். மேற்குக் கரை மீன் என்றே பேர்வாங்கியிருந்தது, 1980-களின் கடைசியிலிருந்து கிழக்கே தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளிலும் நிறையக் கிடைக்க ஆரம்பித்தது.

அஷ்டமுடிக் காயல்ல வெளிநாட்டுச் சிப்பி வந்து நிறைஞ்சு கெடக்காமே, நம்ம பக்கம் வருமான்னு பாத்துச் சொல்லுங்களேன்?

மைட்டெல்லா என்கிற தென் அமெரிக்கச் சிப்பி. அஷ்டமுடி, வேம்பநாடு மட்டுமில்லை, ஆந்திர எல்லையில் பழவேற்காடு ஏரியிலும் ஏறிவிட்டது. உப்பு குறைந்த தண்ணீரையும் தாங்கும் என்பதால் நம்ம பழுப்புச் சிப்பி கைவிடுகிற பொழிமுகங்கள்தான் அதற்கு வசதி. அந்த வகையில் தேங்காப்பட்டணம் எனக்குக் கவலைதான்.

ஆனால் சொந்த ஊர்ப் புள்ளிகளை மட்டும் வைத்து மாடல் போட்டால் ஏமாறுவோம். சொந்த ஊரில் எதிரியும் போட்டியும் அதை ஒடுக்கிவைத்திருக்கும், மேலே சொன்ன சின்ன வட்டம். புது இடத்தில் அந்தக் கட்டு கிடையாது. அதனால் போய்ச்சேர்ந்த இடங்களின் புள்ளிகளையும் சேர்க்கிறோம், முடிந்தால் உடம்பு எதுவரை தாங்கும் என்று தொட்டியில் வைத்துப் பார்த்த அளவையும் சேர்க்கிறோம். நம்ம கடல் பக்கத்துச் சிங்கமீன் 1985-ல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. தொட்டியில் பார்த்தபோது 10 டிகிரியை ஒட்டிச் செத்தது. குளிர்காலத்தில் அதற்குக் கீழே போகிற கரைகளில் நிலைக்காது என்று அதை வைத்தே சொன்னார்கள். நியூயார்க் பக்கம் கோடையில் குட்டிகள் மிதந்து வந்து குளிரில் சாவதைப் பார்த்தால் கணக்கு சரிதான்.

2100-ல நம்ம கடல்ல என்ன மீன் இருக்கும்னு படம் போட்டு வாட்ஸ்அப்ல சுத்துதே, நம்பலாமா?

படத்தின் ஓரத்தில் எந்தப் பகுதி கணக்குக்கு வெளியே என்று குறித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். குமரிக்கடல் ஏற்கெனவே உலகின் சூடான கடல்களில் ஒன்று. இங்கே இன்னும் இரண்டு டிகிரி ஏறினால் வருகிற சூடு இன்று திறந்த கடலில் பெரும்பாலும் எங்குமே இல்லாத சூடு. மாடல் படித்த பாடத்தில் அது கிடையாது, அப்போது அது கோட்டை நேராக இழுத்து நீட்டிவிடும், அல்லது அப்படியே சமமாகப் பிடித்துவைக்கும். எந்த வழி என்பது மென்பொருளில் ஒரு டிக் அடிப்பதைப் பொறுத்தது! ஒரே டேட்டாவில் அந்த டிக்கை மாற்றி நான் சிப்பியைக் காப்பாற்றியும் இருக்கிறேன், அழித்தும் இருக்கிறேன். தொட்டியில் அளந்த தாங்குதிறன் இல்லாமல் வெப்பமண்டலக் கடலுக்கு 2100 படம் போடுவதில் எனக்கு விருப்பமில்லை.

எங்க பாரோட ஜிபிஎஸ் நம்பரை உங்ககிட்ட தந்தா நாளைக்கு டிராலர் வந்து அள்ளிட்டுப் போவாதா?

நியாயமான பயம். கரையில் குருசடியையும் மலையையும் நேர்கோட்டில் வைத்துக் கணியம் பார்த்து அப்பா காலத்தில் கண்டுபிடித்த பார், வீட்டுச் சொத்து மாதிரி. களஞ்சியத்தில் ஏற்றினால் உலகமே பார்க்கும். அதனால் நான் இப்படிச் செய்கிறேன்: சரியான எண்கள் என் கம்ப்யூட்டரில் மாடல் ஓட மட்டும், வெளியே போவது 0.1 டிகிரிக்கு மழுக்கியது, அதாவது சுமார் 11 கிலோமீட்டர்க் கட்டம். அதற்குள் பாரைத் தேடுகிறவர் டீசலைத்தான் தீர்க்க வேண்டும். சூழல் லேயரே 9 கிலோமீட்டர் என்பதால் மழுக்கியதால் படம் பெரிதாகக் கெடுவதுமில்லை.

எண்ணே தர வேண்டாம் என்றால் அதுவும் சரி. ஆழம் எத்தனை பாகம், அடியில் கல்லா சேறா, எந்த மாதத்தில் எந்த மீன் ஏறும், எது ஏறாது என்று மட்டும் சொல்லுங்கள். வள்ளவிளையில் ஒரு பெரியவர் அப்படித்தான் பதினோரு பார்களைப் பற்றிச் சொன்னார், ஒன்றின் இடத்தைக்கூடக் காட்டவில்லை. அந்தப் பதினோரு வரிகளை வைத்துத்தான் களவா மாடலில் எந்த ஆழம் எவ்வளவு தோது என்று காட்டுகிற வளைகோட்டைத் திருத்தினேன்.